முதலியார் பட்டமும் பிரபுக் குடும்பங்களும்

கொழும்பு கொட்டாஞ்சேனைப் பகுதியிலே, கொச்சிக்கடையை அடுத்து, கருங்கல்லினால் எழுப்பப்பட்ட ஒரு சிவாலயம் இருக்கின்றது. பொன்னம்பலவாணேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். அதனை முதலிலே கட்டுவித்தவர் பொன்னம்பல முதலியார். பின்னர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலே, அதனைக் கருங்கற் கோயிலாகப் புதுப்பித்தவர் அவருடைய மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன். தந்தையாரின் பெயருக்குப் பின்னே ‘முதலியார்’ என்ற சொல் நிற்கின்றது. மைந்தரின் பெயருக்கு முன்னே ‘சேர்’ என்ற சொல் நிற்கின்றது. பெற்றோர் இட்ட பெயரில் இவ்விரண்டும் இல்லை. இரண்டும் அரசாங்கம் கொடுத்தவை. இரண்டையும் இன்று அரசாங்கம் கொடுப்பதில்லை.

தமிழகத்திலே முதலியார் என்பது ஒரு சாதிப் பெயராக வழங்குகின்றது. தொண்டைமண்டலத்திலிருந்து வந்த ஒருவர் இலங்கை முதலியாரின் பெயரைக் கேட்டால், தம் உறவினர் ஒருவர் இங்கே இருக்கின்றார் என்றே மகிழக்கூடும். இலங்கையிலோ அது பதவியின் பெயர், பட்டத்தின் பெயர். தமிழருக்கும் சிங்களவருக்கும் அது உரியதாக இருந்தது. சொல் மாத்திரம் தமிழ்ச் சொல். ‘முதல்’ என்ற வேரிலிருந்து பிறந்து, முதன்மையானவன், தலைவன் என்ற பொருளைத் தருவது. சிங்களப் பிரபுக்களின் பெயர்களிலும் இத் தமிழ்ச் சொல் பல நூற்றாண்டுகளாக இடம்பெற்று வந்தது என்பது எண்ணி இன்புறத்தக்கது.

இப் பட்டம் எவ்வாறு தோன்றியது, எதனால் வளர்ந்தது, எவ்வாறு மறைந்தது என்பதை அறிய விரும்புவோர் மேனாட்டுப் பிரபுக்களின் வரலாற்றையும், சிறப்பாக இத்தாலியப் பிரபுக்களின் வரலாற்றையும் ஒருங்கு வைத்துப் பார்த்தல் நலம். பட்டங்களின் பிறப்பும் இறப்பும் உலகெங்கும் ஏறக்குறைய ஒரே வழியிலேயே நிகழ்ந்துள்ளன.

இத்தாலியிலே கோமகன், மார்க்கேசே, கோந்தே, பரோனே என்று பிரபுக்கள் பல படியினராக இருந்தனர். இவற்றுட் பெரும்பாலானவை முதலிலே வேலையின் பெயர்களே. ‘தூக்கா’ எனப்படும் கோமகன், பழைய உரோமப் பேரரசிலே படைத் தலைவன். ‘துக்ஸ்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தவன். ‘கோந்தே’ என்பவன் ‘கோமெஸ்’, அஃதாவது அரசனின் கூட இருப்பவன். மார்க்கேசே எல்லைப்புறத்தைக் காத்தவன். அரசன் ஒருவனை ஒரு நாட்டுப் பகுதிக்கு அனுப்பி, ‘நீ இதனைக் காத்து, வரி தண்டி, படை திரட்டித் தா’ என்றான். அதற்குச் சம்பளமாக நிலத்தைக் கொடுத்தான். தந்தை இறந்தபின் மகன் அந் நிலத்தை விடவில்லை. நிலத்தோடு பதவியின் பெயரையும் விடவில்லை. வேலை மறைந்தது, பெயர் பிறப்புரிமையாயிற்று.

மிலான் நகரை 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1447 வரை ஆண்ட விஸ்கோந்தி குடும்பத்தின் கதை இதற்குச் சிறந்த சான்று. விஸ்கோந்தி என்பதற்கு ‘உப கோந்தே’ என்பதே பொருள். ஒரு சிறு பதவியின் பெயர் அக் குடும்பத்தின் பெயராகவே நிலைத்துவிட்டது. அக் குலத்திற் பிறந்த ஜான் கலெயாட்சோ விஸ்கோந்தி அதனோடு அமையாமல், 1395ஆம் ஆண்டிலே, பேரரசன் வென்செஸ்லாசுக்கு 1,00,000 பொற்காசுகள் கொடுத்து ‘மிலான் கோமகன்’ என்ற பட்டத்தை வாங்கிக்கொண்டான். பதவியாகத் தொடங்கியது பரம்பரையாகி, ஈற்றிலே விலைபொருளுமாயிற்று. இம் மூன்று நிலைகளையும் மனத்திற் கொண்டு இலங்கைக்கு மீள்வோம்.

போர்த்துக்கேயர் 1505ஆம் ஆண்டிலே இலங்கையிற் கால்வைத்தனர். கரையோரப் பகுதிகளை ஆளத் தொடங்கியபோது அவர்களிடம் ஆட்கள் சிலரே இருந்தனர். நாட்டு மொழியும் தெரியாது. நில உரிமையின் நுட்பமும் தெரியாது. ஆகவே முன்னைய அரசர் காலத்திலிருந்த தலைவர்களையே தம் கருவியாக்கினர். ‘லஸ்கரின்’ எனப்பட்ட நாட்டுப் போர்வீரர்களுக்குத் தலைவராக முதலிகள் நியமிக்கப்பட்டனர். அவர்களுக்குக் கீழே முகாந்திரம், ஆராச்சி என்போர் இருந்தனர். முதலியாரின் இடுப்பிலே பிற்காலத்தும் தொங்கிய வாள், அவர் முதலிலே ஒரு படைத் தலைவர் என்பதற்கு எஞ்சியிருந்த அடையாளம்.

போர்த்துக்கேயர் கொண்டுவந்த மற்றொரு சிறப்புச் சொல் ‘டொம்’ என்பது. தலைவன் என்ற பொருளுடைய இலத்தீன் சொல்லின் சிதைவாகிய இது அவர்களுடைய அரசருக்கும் பிரபுக்களுக்கும் உரியது. கோட்டை அரசன் தர்மபாலன் 1557ஆம் ஆண்டளவில் ஞானஸ்நானம் பெற்று ‘டொம் ஜுவாங்’ ஆனான். அரசனைப் பின்பற்றிய பிரதானிகளும் அச் சொல்லைத் தாங்கினர். இலங்கையிலே அது ‘டொன்’ என்று திரிந்தது. சுதந்திர இலங்கையின் முதற் பிரதமர் டீ. எஸ். சேனநாயக்கவின் பெயரிலுள்ள முதலெழுத்து இந்த ‘டொன்’ என்பதே. தென் இத்தாலியிலும், ஸ்பானியர் ஆட்சி நிலவிய நேப்பிள்ஸ் முதலிய இடங்களிலே, இதே ‘டொன்’ மதிப்புச் சொல்லாக வழங்கியது. ஒரே இலத்தீன் சொல்லின் கிளைகள் இருவேறு கடல்களின் கரைகளிலே தழைத்தன.

யாழ்ப்பாண அரசு 1619ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் வசமாயிற்று. 1658இலே ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஒல்லாந்தர் வணிகக் கம்பெனியார், கணக்கிலே கண்ணானவர்கள். யாருக்கு எவ்வளவு நிலம், எவர் எந்த ஊழியம் செய்யக் கடமைப்பட்டவர் என்பனவற்றைத் தோம்பு என்னும் ஏடுகளிலே அவர்கள் எழுதி வைத்தனர். இவ் வேலைக்கும் முதலியார்கள் இன்றியமையாதவர்களாயினர்.

அக் காலத்து முதலியார்கள் செய்த ஒரு பணியின் பயன் இன்றளவும் நின்று நிலவுகின்றது. யாழ்ப்பாணத்துத் தமிழரின் வழக்கங்களை எழுதித் தருமாறு ஒல்லாந்த அரசாங்கம் கேட்டபோது, கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1706, 1707ஆம் ஆண்டுகளில் அவற்றைத் தொகுத்தார். அத் தொகுப்புத் தமிழிலே மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களிடம் கொடுக்கப்பட்டது. அவர்கள் படித்துப் பார்த்து, இது நம் நாட்டு வழக்கந்தான் என்று ஒப்பமிட்டனர். அதுவே தேசவழமை. ஒப்பமிட்டவர்களுட் பலருடைய பெயர்கள் ‘டொன்’ என்று தொடங்கித் தமிழ்ப் பெயராக முடிகின்றன. முதுசம், சீதனம், தேடிய தேட்டம் என்ற சொற்கள் இன்றும் நீதிமன்றங்களிலே பேசப்படுகின்றன. யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி தன் சீதனக் காணிக்கு உரிமை கோரும்போது, முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒப்பமிட்ட அப் பன்னிருவரின் கைகளும் அதிற் படிந்திருக்கின்றன.

நாட்டின் வழக்கம் இன்னது என்று சொல்லும் உரிமை அப் பன்னிருவருக்கே இருந்தது என்பதும் கருதத்தக்கது. உழுதவனிடமும் வலை வீசியவனிடமும் எவரும் அதனைக் கேட்கவில்லை. அந்நியன் நாட்டை அறிவது முதலியாரின் வாய் வழியாகவே. முதலியாரின் அதிகாரத்துக்கு மூலவேர் இதுதான்.

1796இலே கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அதுவரை முதலியார்கள் பணிக்கு ஈடாக நிலங்களை அனுபவித்து வந்தனர். முதல் ஆங்கிலத் தேசாதிபதியாகிய பிரெடெரிக் நோர்த் என்பவர் அந் நில மானியங்களை ஒழித்துச் சம்பளம் கொடுக்க முயன்றார். இத்தாலியப் பிரபுவுக்கும் இலங்கை முதலியாருக்கும் உள்ள பெரிய வேற்றுமை இங்கே தெளிவாகின்றது. இத்தாலியப் பிரபுவுக்குப் பட்டமும் நிலமும் சட்டப்படி பரம்பரைச் சொத்து. முதலியாருக்கோ சட்டப்படி இரண்டும் பரம்பரை அல்ல. தேசாதிபதி கொடுத்தால் உண்டு, எடுத்தால் இல்லை. ஒவ்வொரு தலைமுறையும் அந் நியமனத்தைப் புதிதாகவே பெறவேண்டும்.

எனினும் நடைமுறையிலே நியமனம் மீண்டும் மீண்டும் சில குடும்பங்களையே நாடிச் சென்றது. முதலியாரின் மகனே ஆங்கிலம் கற்கும் வாய்ப்புப் பெற்றான். அவனே தந்தையாருடன் தேசாதிபதியின் மாளிகைக்குச் சென்று வணங்கி நிற்கக் கற்றான். வெற்றிடம் ஏற்பட்டபோது அவன் பெயரே முதலில் நினைவுக்கு வந்தது. குடும்பங்கள் தம்முள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தன. தென்பகுதியிலே டி சேரம், ஒபயசேக்கர, டயஸ் பண்டாரநாயக்க முதலிய குடும்பங்கள் இவ்வாறு ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தன. வெனிஸ் நகரிலே 1297ஆம் ஆண்டிற் பெருஞ்சபையின் வாயில் அடைக்கப்பட்டு, அதன்பின் பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ‘பொற்புத்தகம்’ என்னும் ஏட்டிலே எழுதப்பட்டு வந்தன. ஏட்டில் இல்லாதவன் எத்துணைச் செல்வனாயினும் சபைக்குள் வர இயலாது. இலங்கையிலே அத்தகைய ஏடு எழுதப்படவில்லை. எழுதாத ஏடு ஒன்று இருக்கவே இருந்தது.

ஆங்கிலேயர் காலத்திலே முதலியார்களுக்குள்ளும் படிநிலைகள் பலவாயின. எல்லோருக்கும் மேலாக மகா முதலியார். தேசாதிபதியின் அருகே நிற்கும் உரிமை அவருடையது. அடுத்து வாசல் முதலியார், அத்தபத்து முதலியார், கோறளைகளை ஆண்ட கோறளை முதலியார் முதலியோர். தங்கப் பின்னல் வேலை செய்த நீண்ட மேலங்கி, வாட்கச்சை, பொற் பதக்கம், சங்கிலி ஆகியவை அவர்கள் கோலம். வடபகுதியிலே பிரிவுக்கு ஒரு மணியகாரர், அவருக்குக் கீழே உடையார், ஊருக்கு ஒரு விதானையார் என்ற ஒழுங்கு இருந்தது. மட்டக்களப்புப் பகுதியிலே வன்னியனார் என்ற பெயர் வழங்கியது. 1815ஆம் ஆண்டிலே கண்டியும் ஆங்கிலேயர் வசமானபோது அதிகார், திசாவை, ரட்டேமகாத்மயா முதலிய கண்டி அரசின் பட்டங்களும் ஆங்கிலப் பரிபாலனத்துக்குள் வந்து சேர்ந்தன.

இனி, கொட்டாஞ்சேனைக் கோயிலைக் கட்டுவித்த குடும்பத்தின் வரலாற்றைச் சற்று விரிவாக நோக்கலாம். யாழ்ப்பாணப் பகுதியிலிருந்து கொழும்புக்கு வந்த ஆறுமுகநாதபிள்ளை குமாரசுவாமி என்பவர் 1783இலே பிறந்தவர். ஆங்கிலம் கற்று அரசாங்க மொழிபெயர்ப்பாளராகி, வாசல் முதலியாராக உயர்ந்தார். அக் காலத்து மொழிபெயர்ப்பாளர் பதவியைச் சிறிதென எண்ணுதல் தவறு. தேசாதிபதிக்குத் தமிழ் தெரியாது. குடிகளுக்கு ஆங்கிலம் தெரியாது. இடையிலே நின்றவரின் நாவிலேதான் இரு பக்கத்தாரின் நன்மையும் தீமையும் தங்கியிருந்தன. சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டபோது, 1835ஆம் ஆண்டிலே, குமாரசுவாமி முதலியார் அதன் முதல் தமிழ் அங்கத்தவராக நியமனம் பெற்றார். மறு ஆண்டே அவர் காலமானார்.

அவருக்குப் பின் அவ்விடத்தை வகித்தவர்களுள் ஒருவர் சைமன் காசிச்செட்டி. 1807இலே பிறந்த இவர் கொழும்புச் செட்டிகள் சமூகத்தைச் சார்ந்தவர். புத்தளத்திலே மணியகாரராக இருந்தவர். 1834இலே இலங்கையின் முதல் விவரத் திரட்டாகிய ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலையும், 1859இலே தமிழ்ப் புலவர் வரலாறாகிய ‘தமிழ் புளூராக்’ என்ற நூலையும் ஆங்கிலத்திலே வெளியிட்டார். பட்டம் பெற்றோர் யாவரும் அறிவிலே குறைந்தவர் என எண்ணுவோருக்கு இவர் ஒருவரே போதிய மறுமொழி.

1860களின் தொடக்கத்திலே அவ்விடம் குமாரசுவாமி முதலியாரின் மகனான முத்துக் குமாரசுவாமிக்குக் கிடைத்தது. அவர் இங்கிலாந்து சென்று வழக்குரைஞராகி, 1874இலே ‘சேர்’ பட்டமும் பெற்றார். கலைஞானி ஆனந்த குமாரசுவாமி இவருடைய மைந்தர். 1879இலே முத்துக் குமாரசுவாமி மறைந்தபோது, அவ்விடம் அவருடைய சகோதரியின் மகனான பொன்னம்பலம் இராமநாதனுக்குச் சென்றது. இராமநாதனுக்குப் பின், 1890களிலே, அவருடைய தமையனார் பொன்னம்பலம் குமாரசுவாமி அதே ஆசனத்தில் அமர்ந்தார். பாட்டனார், மாமனார், மருகர் இருவர் என அந் நூற்றாண்டிலே தமிழரின் ஆசனம் மீண்டும் மீண்டும் ஒரே குடும்பத்தை நாடிச் சென்றது. சட்டத்திலே பரம்பரை என்ற சொல் இல்லை. ஆயினும் மிலான் நகரத்தார் இதனைக் கண்டால் வியந்திருக்கமாட்டார்கள்.

ஆயினும் 1879இலே இராமநாதனுக்காக யாழ்ப்பாணத்திலே குரல் கொடுத்தவர் ஆறுமுக நாவலர் என்பதையும் மறத்தலாகாது. குடும்பப் பெருமை வாயிலைத் திறந்தது. மக்களின் ஆதரவைக் கற்றோர் ஒருவர் திரட்டித் தந்தார். இராமநாதன் 1911ஆம் ஆண்டிலே படித்த இலங்கையரின் பிரதிநிதியாகத் தேர்தலிலே வெற்றிபெற்றார். 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது சிங்களத் தலைவர்கள் சிறைப்பட, அவர்களுக்காக இலண்டன் வரை சென்று வாதாடினார். அவருடைய தம்பியார் சேர் பொன்னம்பலம் அருணாசலம், போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையர். 1919இலே தோன்றிய இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரும் அவரே. பரீட்சை என்பது பிறப்பைக் கேளாத வாயில். வாசல் முதலியாரின் மகன் அவ் வாயில் வழியாகவும் நுழைந்து காட்டினார்.

பணத்தினால் வந்த பட்டத்துக்கும் இலங்கையிலே எடுத்துக்காட்டு உண்டு. மொறட்டுவையைச் சேர்ந்த ஜெரோனிஸ் டி சொய்சா கோப்பித் தோட்டத்தினாலும் வணிகத்தினாலும் பெருஞ்செல்வராகிப் பல அறங்கள் செய்தார். 1853இலே அவருக்கு முதலியார் பட்டம் கிடைத்தது. பழைய முதலியார் குடும்பங்களின் சாதியைச் சாராத ஒருவருக்கு அப் பட்டம் கிடைத்தமை பலருடைய புருவங்களை உயர்த்தியது. இத்தாலியிலே புளோரன்ஸ் நகரத்து மெடிச்சி குடும்பமும் இவ்வாறே வட்டிக்கடையிலிருந்து எழுந்தது. 1397இலே வங்கி தொடங்கியவர்களின் வழித்தோன்றல், 1569இலே போப்பாண்டவரிடம் ‘பெருங்கோமகன்’ பட்டம் பெற்றான். காசு மூன்று தலைமுறை கடந்தால் அதனைக் குலம் என்று கூறும் வழக்கம் எந்நாட்டுக்கும் பொது.

இதுவரை மாளிகையின் முன்வாயிலைப் பார்த்தோம். பின்வாயிலையும் பார்த்தல் வேண்டும். ‘இராசகாரியம்’ என்ற பெயரிலே குடிகள் கூலியின்றி அரசுக்கு ஊழியம் செய்ய வேண்டியிருந்தது. தெரு வெட்டவும் பொதி சுமக்கவும் இன்னின்னார் வரவேண்டுமென்று ஆள் பிடித்துக் கொடுத்தவர் தலைமைக்காரரே. கோல்புறூக் விசாரணையின் பயனாக 1833ஆம் ஆண்டளவில் இவ் வழக்கம் ஒழிந்தது. ஆயினும் அதிகாரம் ஒழியவில்லை. ஊரிலே குற்றம் நடந்தால் முதலில் அறிவிப்பவர் விதானையார். காணிச் சண்டையிலே எல்லை சொல்பவர் அவர். கச்சேரிக்குச் செல்லும் விண்ணப்பத்துக்கு அறிக்கை எழுதுபவர் அவருக்கு மேலே உள்ளவர். சிறு தலைமைக்காருட் பலருக்குச் சம்பளம் இல்லை; இருந்தாலும் சொற்பம். சம்பளமில்லாத அதிகாரம் எங்கிருந்தேனும் தன் ஊதியத்தைத் தேடிக்கொள்ளும். வாழைக்குலையும் கோழியும் நெல்லும் வாயில் வந்து சேர்ந்தபின்பே விண்ணப்பம் நகர்ந்தது. நடுநிலை தவறாத தலைமைக்காரரும் இருந்தனர். அவர்களை ஊர் இன்றும் புகழும். ஆனால் ஏழையின் நீதி ஒருவருடைய நற்குணத்தை மட்டும் நம்பி நிற்பது எத்துணை அச்சத்துக்குரியது! முற்றத்திலே தோளிலிருந்த சால்வையை இடுப்பிற் கட்டிக்கொண்டு, இருக்கச் சொல்லுவார் இல்லாமல், நண்பகல் வரை காத்து நின்றவனுக்குப் பட்டத்தின் பொருள் வேறாகத் தெரிந்திருக்கும்.

அவன் நின்ற முற்றத்தின் கதவைத் திறந்தது வாக்குரிமை. டொனமூர் அரசியற்றிட்டத்தின்படி 1931ஆம் ஆண்டிலே, இலங்கையில் ஆண், பெண் இருபாலாருக்கும் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. மாளிகையிலிருந்த சான்றோர் பலர் அதனை விரும்பவில்லை. படிப்பும் சொத்தும் இல்லாதார் கையிலே வாக்குக் கொடுப்பது ஆபத்து என்று வாதிட்டனர். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் அதனை எதிர்த்தவர்களுள் ஒருவர். அவர் 1930இலே காலமானார். பெரியாரிடத்தும் அவர் பிறந்த மாளிகையின் நிழல் படிந்திருத்தல் இயல்பு. அவருடைய ஈகையையும் கல்விப் பணியையும் போற்றுவோர், இக் கொள்கையையும் மறைக்காமற் சொல்லுதல் நேர்மையாகும். வாக்குரிமை வந்தபின், அந்நியனுக்கும் குடிக்கும் இடையே நிற்கும் ஒருவர் தேவைப்படவில்லை. குடியே தன் வாயாற் பேசத் தொடங்கினான்.

அதன்பின் பட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்ந்தன. 1930களின் பிற்பகுதியிலிருந்து மணியகாரர், முதலியார் ஆகியோரின் இடத்திலே பரீட்சை மூலம் தெரிவுசெய்யப்பட்ட காரியாதிகாரிகள் நியமிக்கப்பட்டனர். 1956இலே பிரதமரான எஸ். டபிள்யூ. ஆர். டீ. பண்டாரநாயக்கவின் அரசாங்கம், பிரித்தானியப் பட்டங்களுக்கு இலங்கையர் பெயரைச் சிபாரிசு செய்வதை நிறுத்தியது. அவரோ மகா முதலியார் சேர் சொலமன் டயஸ் பண்டாரநாயக்கவின் ஒரே மைந்தர். ‘வெஸ்ட் ரிட்ஜ்வே’ என்ற தேசாதிபதியின் பெயரைத் தம் பெயரிலேயே தாங்கியவர். 1963இலே ஊர் விதானைப் பதவியும் ஒழிந்து, கிராம சேவகர் பதவி வந்தது. ஆயினும் சொல் எளிதிற் சாவதில்லை. இன்று அவ் வுத்தியோகத்தருக்குக் கிராம அலுவலர் என்பது பெயர். யாழ்ப்பாணத்துப் பாட்டி பேரனை நோக்கி, ‘விதானையாரிட்டைப் போய்க் கடிதம் வாங்கிக்கொண்டு வா’ என்றே சொல்லுகின்றார்.

இத்தாலியிலும் ஏறக்குறைய இதே காலத்திலே திரை விழுந்தது. வெனிஸ் நகரத்துப் பொற்புத்தகத்தை 1797இலே, நெப்போலியன் படை புகுந்தபோது, தீயிலிட்டனர். 1946ஆம் ஆண்டு ஜூன் 2ஆந் திகதி நடந்த குடியொப்பத்திலே இத்தாலிய மக்கள் முடியாட்சியை நீக்கினர். 1948இலே நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டம், பிரபுப் பட்டங்களை அரசு அங்கீகரிப்பதில்லை என விதித்தது. ஆனால் 1922 அக்டோபர் 28ஆந் திகதிக்கு முன் இருந்த பட்டங்களோடு சேர்ந்த இடப்பெயர்களைக் குடும்பப் பெயரின் பகுதியாக வைத்துக்கொள்ளலாம் என்றது. பட்டம் போயிற்று; அதன் வால் பெயரிலே எஞ்சியது. இந்தியாவிலே 1950இலே நடைமுறைக்கு வந்த அரசியற் சட்டத்தின் 18ஆம் உறுப்பும் பட்டங்களை நீக்கியது. கல்விக்கும் படைத்துறைக்கும் உரிய சிறப்புகளுக்கு மட்டும் விலக்கு அளித்தது.

கொழும்பிலே தெருப் பெயர்கள் அந்தப் பழங்காலத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. கொட்டாஞ்சேனையிலே சேர் இரத்தினசோதி சரவணமுத்து மாவத்தை இருக்கின்றது. அவர் 1937இலே கொழும்பு மாநகரின் மேயராகத் தெரிவுசெய்யப்பட்டவர். வெள்ளவத்தையிலே நெல்சன் பிளேஸ் என்று ஓர் ஒழுங்கை உண்டு. நெல்சன் என்றதும் ஆங்கிலக் கடற்படைத் தலைவரின் நினைவு வருகின்றது. அவர் ஓர் இத்தாலியப் பிரபுவும் ஆவார் என்பது பலருக்கும் புதுமையாக இருக்கலாம். நேப்பிள்ஸ் அரசன் பெர்டினாந்து தன்னைக் காத்த நன்றிக்காக, 1799இலே, சிசிலித் தீவிலுள்ள புரொண்டே என்னும் ஊரின் கோமகனாக அவரை ஆக்கினான். அவரும் அதன்பின் ‘நெல்சன், புரொண்டே’ என்றே ஒப்பமிட்டார். எரிமலையடியிலே பாடுபட்ட அவ்வூர் உழவரை எவரும் கேட்கவில்லை. அவ்வூர் நிலம் ஆங்கிலக் குடும்பமொன்றின் கையிலிருந்து அவ்வூராரின் நகரசபைக்கு மீண்டது 1981ஆம் ஆண்டிலேதான்.

மனிதன் பட்டத்தை வெறுத்துவிட்டான் என்று கொள்ளவும் இடமில்லை. 1986இலே இலங்கை அரசாங்கம் ஸ்ரீலங்காபிமானிய, தேசமான்ய, தேசபந்து முதலிய தேசிய விருதுகளை ஏற்படுத்தியது. திருமண அழைப்பிதழ்களிலே ‘சமாதான நீதவான்’ என்பது மறவாமல் அச்சாகின்றது. சிறந்தாரைச் சிறப்பித்தல் எச் சமுதாயத்துக்கும் வேண்டுவதே. அச் சிறப்பு மகனுக்குத் தானாகச் செல்லாமலும், அடுத்தவனை முற்றத்திலே நிறுத்தி வைக்கும் அதிகாரமாக மாறாமலும் இருக்கவேண்டும் என்பதே கடந்த காலம் கற்பிக்கும் பாடம்.

சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளைக்கு ஆங்கில அரசாங்கம் ‘இராவ் பகதூர்’ பட்டம் அளித்தது. இன்று அப் பட்டத்தை நினைப்பவர் மிகச் சிலர். செல்லரித்த ஏடுகளிலிருந்து அவர் மீட்டு அச்சிட்ட கலித்தொகையைத் தமிழ் கற்போர் யாவரும் நினைக்கின்றனர். நல்லூர் ஆறுமுகம்பிள்ளைக்கு 1849இலே திருவாவடுதுறை ஆதீனம் ‘நாவலர்’ என்ற பட்டத்தை வழங்கியது. நிலமோ வாளோ அதனோடு வரவில்லை. ஆயினும் ‘நாவலர்’ என்ற அளவிலே தமிழுலகம் அவர் ஒருவரையே எண்ணுகின்றது.

மெடிச்சி குலத்தின் கடைசிப் பெண்மணியாகிய அன்னா மரியா லூயிசா 1743இலே இறந்தார். இறப்பதற்கு முன் அவர் ஓர் ஒப்பந்தம் செய்து வைத்தார். தம் குலத்தார் சேர்த்த ஓவியங்களும் சிற்பங்களும் புளோரன்ஸ் நகரை விட்டு வெளியே செல்லக்கூடாது. அவை யாவரும் கண்டு பயன்பெற அங்கேயே இருத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பெருங்கோமகன் பட்டம் மறைந்தது. ஓவியங்கள் இருக்கின்றன. அதுபோலவே கொட்டாஞ்சேனையிலே மாலைப் பூசையின் மணி ஒலிக்கும்போது, துறைமுகத் தொழிலாளரும் செட்டியார் தெருக் கடைக்காரரும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும் அக் கருங்கல் மண்டபத்திலே ஒன்றாக நிற்கின்றனர். அதனைக் கட்டியவர் வாசல் முதலியாரா, சேரா என்பது அவர்களுட் பலருக்குத் தெரியாது. வாயில் மட்டும் அவர்கள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றது.